குடிகாரன் என்று சொல்லச் சொன்னார்கள்

எங்கள் வீட்டில் ஈரல் என்றால் ஞாயிற்றுக்கிழமை. அம்மா மிளகைத் தூக்கலாகப் போட்டு வறுப்பாள், அப்பா அந்த வறுத்த சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைவார். அதனால், ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனை மாடியில் ஈரல் நோய் ஆராய்ச்சியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்ன அன்று, அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆட்டு ஈரலா, கோழி ஈரலா?" என்று கேட்டார்.

"மனுச ஈரலுப்பா."

"அதுல ஆராய என்னம்மா இருக்கு? குடிச்சா கெடும், குடிக்காட்டி கெடாது."

அப்பாவும் அம்மாவும் பஞ்சாலைக்குப் போகிறவர்கள். எங்கள் இரண்டு பக்க வம்சத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதில் எனக்கு இருக்கும் பெருமையை மறைத்துப் பயனில்லை. கறிவேப்பிலை வாங்கக்கூட அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறேன் என்று என் தம்பி சொல்லித் திரிவது பொய். ஒரே ஒரு தடவைதான் அப்படிப் போனேன்.

காரணம் தெரியாமல் ஈரல் கெட்டுப்போனவர்களின் குடும்பங்களைத் தேடிப் போவதுதான் என் வேலை. தாத்தா பாட்டி வரைக்கும் விசாரித்து வம்சப் படம் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. எங்கள் பக்கத்தில் ஒற்றைக் கோடு போடும் வாய்ப்பு எனக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். அக்கா மகளைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவள், அவர்கள் பெற்றதை மறுபடி உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொடுத்தவர்கள் என்று கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். நான் முதலில் வரைந்த படத்தைப் பார்த்த எங்கள் டாக்டரம்மா, "சிக்குக் கோலம் நல்லா இருக்கு. இதுல நோயாளி எங்கே?" என்றார்.

அந்தப் படத்தின் நோயாளி தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் ஒரு பையன். என்னைவிட இளையவன். ஒரு வருடமாக அவன் கை நடுங்கியது. நேராக ஓட வேண்டிய தையல் பாம்பு மாதிரி ஓடியது. தையல் கூடத்து முதலாளி அவனை மிஷினிலிருந்து எழுப்பி, மடித்து அடுக்கும் வேலைக்கு அனுப்பினார். பிறகு கண் மஞ்சளானது, வயிறு உப்பியது. கை நடுக்கம், மஞ்சள் காமாலை, வீங்கிய வயிறு மூன்றும் சேர்ந்தால் எங்கள் ஊரில் டாக்டர் தேவையில்லை. தெருவே கண்டுபிடித்துவிட்டது.

ஆனால் அவன் ஒரு சொட்டும் குடித்ததில்லை. எங்கள் டாக்டரம்மா அவன் கருவிழியின் ஓரத்தில் ஒரு பழுப்பு வளையத்தைப் பார்த்துவிட்டு, ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொன்னார். சாப்பாட்டில் நாம் எல்லோருமே கொஞ்சம் செம்பு சாப்பிடுகிறோம். மிஞ்சியதை ஈரல் வெளியே தள்ளிவிடும். அவன் ஈரலுக்கு அது தெரியவில்லை. செம்பு ஈரலில் தங்கி, நிறைந்து, மூளைக்கும் ஏறிக் கையை நடுங்க வைத்தது. பிறவியிலேயே வருவது. மருந்து இருக்கிறது. வாழ்நாள் முழுக்க விடாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

இதை அவனிடமும் அவன் அம்மாவிடமும் விளக்கிய டாக்டரம்மா, கடைசியில் ஒன்று சொன்னார். "கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாம். வெளியே ஒண்ணும் தெரியாது. இப்பவே கண்டுபிடிச்சு மாத்திரை குடுத்தா ஈரலும் கெடாது, கையும் நடுங்காது. தங்கச்சியை உடனே கூட்டிட்டு வாங்க."

தங்கை கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்தாள். அவளைக் கூட்டிவரச் செய்வது என் பொறுப்பானது. ஒரு நோயாளியின் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வீட்டாரிடம்கூட நான் சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே தங்கையிடம் நேரே போய்ப் பேசவும் முடியாது.

வம்சப் படம் வரைய நான் தளவாய்புரம் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாரு மதினி இது? ஆஸ்பத்திரிப் பிள்ளையா?"

பையனின் அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமா. குடிய நிறுத்துத ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கு."

"யம்மா!" என்று உள்ளேயிருந்து பையன் கத்தினான்.

"நீ சும்மா கிடலே. பாத்தியா மதினி, கத்துதான். இன்னும் அந்தக் கிறுக்கு தெளியல."

பக்கத்து வீட்டுப் பெண் இரக்கத்தோடு தலையாட்டிவிட்டுப் போனாள். நான் திகைத்துப்போய் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"ஏம்மா, குடிக்காத பிள்ளையப் போயி..."

அவர் என்னைப் படிக்காத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "குடின்னா நிறுத்துனா போயிரும். வம்சத்துல இருக்குன்னு வெளிய தெரிஞ்சா? குடிகாரன் தங்கச்சியக் கட்டிக்கிடுவாக. நோயாளி தங்கச்சிய எவன் கட்டுவான்? சீவில்லிபுத்தூர்ல எங்கண்ணன் மகனுக்குத்தான் அவளப் பேசி வச்சிருக்கு."

அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அக்கா, நான் மோர் குடிச்சிட்டு வெளிய போனாக்கூட மோந்து பாக்காக," என்றான் பையன். "இதுல எங்க சீவில்லிபுத்தூர் மாமா என்னைய மலையடிவாரக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் வாங்கி, கையில கயிறு வேற கட்டி விட்டுட்டாரு."

"தங்கச்சிகிட்ட நீ சொல்லலாமே தம்பி?"

"அம்மா தலையில அடிச்சு சத்தியம் வாங்கிருச்சு. சொல்லக் கூடாதாம்."

மருந்து வேலை செய்தது. மஞ்சள் இறங்கியது, நடுக்கம் குறைந்தது, அவன் மறுபடி மிஷினில் உட்கார்ந்தான். மாமா அதைக் கயிற்றின் வெற்றியாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் அந்த அம்மாவுக்கு வாரம் தவறாமல் போன் செய்தேன். "அவ ரத்தமெல்லாம் குடுக்க மாட்டா, வைம்மா போன," என்பார். ஒருநாள் அவரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு பாசம்.

"ஞாயித்துக்கிழமை சீவில்லிபுத்தூர்ல எங்கண்ணன் வீட்டுல கல்யாணப் பேச்சு. நீயும் வாரியா தாயி? அண்ணனுக்கு லேசா சந்தேகம் வந்திருக்கு. குடிய விட்டவனுக்கு எதுக்கு இன்னும் அம்புட்டு மாத்திரைன்னு கேக்காரு. நீ படிச்ச பிள்ளை, கழுத்துல கார்டு எல்லாம் தொங்குது. குடிதான்னு ஒரு வார்த்தை நீ சொன்னா நம்பிருவாரு. சொல்லிட்டேன்னா, மறுநாளே மகளக் கூட்டிட்டு வாரேன். இது சத்தியம்."

நான் படித்த படிப்புக்கு முதன்முதலாக ஒரு மதிப்பு கிடைத்தது. ஒருவன் குடிகாரன் என்று சான்று கொடுக்க!

என்ன சொல்லப் போகிறேன் என்று முடிவு செய்யாமலே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரே ஒரு பொய்யில் அந்தப் பெண்ணின் ஈரல் தப்பிக்கும் என்றால்? எங்கள் பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

மாமா ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து நடத்துநர். வீட்டுக்குள் வந்தவர்களை வாசலில் நின்று, "உள்ள போ, உள்ள போ, முன்னாடி எடம் இருக்கு பாரு," என்று அனுப்பிக்கொண்டிருந்தார். அத்தை பால்கோவாவும் மிக்சரும் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறார், லீவு கிடைக்கவில்லை. பையன் சுவரோரம் நின்றான், அவன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார், தங்கை எனக்கு எதிரே உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். கன்னம் பளபளவென்று இருந்தது. வெளியே ஒன்றும் தெரியாது என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

"வா தாயி. நம்ம பயல நீதான் பாக்கியாம்லா," என்று மாமா ஆரம்பித்தார். "ஒளிக்காமச் சொல்லு. ஈரல் எம்புட்டு போயிருக்கு?"

"ஐயா, நோயாளி விவரத்த நான் வெளியில சொல்லக்கூடாது."

"கேட்டியா?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்தார். "வெளிய சொல்ல முடியாத அளவுக்குக் குடிச்சிருக்கான்!"

பையனின் அம்மா என் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தார். "நாளைக்கே கூட்டிட்டு வாரேம்மா," என்று கிசுகிசுத்தார். 'ஆமா' என்ற சொல் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளையாக மாமாவே தொடர்ந்தார்.

"சரி, நான் ஒரே வார்த்தையில முடிக்கேன். கல்யாணத்தன்னைக்கு இவன் பந்தல் பக்கம் வரக்கூடாது. பொண்ணுக்கு அண்ணன் முறை செய்ய நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

தங்கை போனைக் கவிழ்த்து வைத்தாள். "எங்கண்ணன் இல்லாம எனக்கு எதுக்குக் கல்யாணம்? அவன் குடிச்சு நான் பாத்ததே இல்ல மாமா."

"நீ காலேஜ் பஸ்ல போயிட்டு வாரவ, உனக்கு என்ன தெரியும்? கடைசி பஸ்ல எத்தன பேர ஏத்தி எறக்கியிருக்கேன். படியில கால் வைக்கும்போதே சொல்லிருவேன்."

அவள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அம்மா போன்ல 'அவ ரத்தம் குடுக்க மாட்டா'ன்னு சொல்லுமே, அது உங்ககிட்டதானே? அண்ணன் குடிச்சா எனக்கு எதுக்கு ரத்தம் எடுக்கணும்?"

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்தார், பிறகு சொன்னார்:

"நீயும் குடிக்கியோன்னு அவகளுக்கு ஒரு சந்தேகம்."

அடுக்களையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது.

"நானா?" என்றாள் தங்கை.

"ஏட்டி, நீயுமா!" என்று மாமா நெஞ்சில் கை வைத்தார்.

பையன் சிரிக்க ஆரம்பித்தான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு நிமிர்ந்து, "மாமா, குடிக்க மாட்டேன்னு உங்ககிட்ட பண்ணுன சத்தியத்த ஆயுசுக்கும் காப்பாத்துதேன். சொல்ல மாட்டேன்னு அம்மாகிட்ட பண்ணுனத இன்னைக்கு விட்டுருதேன்," என்றான். செம்பு, ஈரல், கண் வளையம், மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரம்மாவைவிடத் தெளிவாகச் சொன்னான். தங்கைக்கும் இருக்கலாம் என்பதைச் சொல்லும்போது மட்டும் அவள் பக்கம் திரும்பவில்லை.

அவன் அம்மா அழவில்லை. தரையைப் பார்த்தபடி, "அண்ணே, இனி நீங்க என்ன சொன்னாலும் சரி," என்றார்.

மாமா மிக்சர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "செத்துப்போன அப்பன் வழியில வந்திருக்கும். எங்க ரத்தத்துல அந்த மாதிரி எதுவும் கிடையாது," என்றார்.

"தம்பி, இப்ப நான் பேசலாமா?" என்று பையனிடம் கேட்டேன். தலையாட்டினான். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் சதுரமும் வட்டமும் போட்டேன். இந்த நோய்க்குக் காரணமான குறை அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி வர வேண்டும். ஒரு பாதி மட்டும் இருப்பவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, இருப்பதே தெரியாது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால்தான் நோய்.

"அப்ப அம்மா வழியும் உண்டுங்கியா?" என்றார் மாமா.

"உண்டு ஐயா."

மாமா சட்டைக் கையைச் சுருட்டினார். "எடு என் ரத்தத்த. இப்பவே எடு. எங்க வழியில இல்லன்னு காட்டுதேன்."

ஊசி கொண்டுவரவில்லை, முதலில் எல்லாவற்றையும் கேட்டுப் புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும், இது போட்டி இல்லை என்று நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் காலையில் எங்கள் மாடிப்படியில் அவர் குரல் கேட்டது. "படியில நிக்காத, மேல போ, மேல போ!" அவருக்கு முன்னால் தங்கை, பையன், அவர்கள் அம்மா. சம்மதத் தாளை வரிக்கு வரி சத்தமாக வாசித்து, குறுக்குக் கேள்வி கேட்டு, புரிந்த பிறகே கையெழுத்துப் போட்டார். அப்படி வாசித்தவர் எங்கள் ஆராய்ச்சியிலேயே அவர் ஒருவர்தான்.

தங்கை ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் சேர்த்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதை மாமாவே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் நடத்துநர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்க, இவர் தன் பழைய உத்தியோகத்தைச் சொல்லிச் சண்டை போட, "அப்படி உள்ள என்னதான் இருக்கு அண்ணாச்சி?" என்று அந்த நடத்துநர் மூடியைத் திறக்கப் போனாராம். தங்கை அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

முடிவுகள் வர நாளானது. முதலில் மாமா வந்து, "பாஸா, ஃபெயிலா?" என்றார். அவருக்கும் ஒரு பாதி இருந்தது. விளக்கினேன். முடிவுத் தாளை வாங்கி வரிக்கு வரி வாசித்தார்.

"அப்ப நானும் தெரியாமலே ஏத்திக்கிட்டுத்தான் வந்திருக்கேன்," என்றார். "டிக்கெட் வாங்காம எறங்காம உக்காந்திருக்கு."

தங்கையின் முடிவைச் சொல்ல டாக்டரம்மா அவளைத் தனியாக அழைத்தார். நானும் கூட இருந்தேன். அவளுக்கு இரண்டு பாதியும் இருந்தது. ஆனால் ஈரல் நன்றாக இருந்தது, கண்ணில் வளையம் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை, விடாமல் பரிசோதனை. நடுங்கத் தொடங்கும் முன்பே பிடித்துவிட்டோம். நான் அழுதுவிடுவேனோ என்று அடையாள அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. மூன்று சந்தேகம் கேட்டாள். பரீட்சை எழுதலாமா, பரோட்டா சாப்பிடலாமா, பிள்ளை பெறலாமா. மூன்றுக்கும் ஆமாம் என்றார் டாக்டரம்மா. மூன்றாவதற்கு மட்டும், "கட்டிக்கப் போறவருக்கும் ஒரு பரிசோதனை பண்ணிட்டா முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்," என்று சேர்த்தார்.

வெளியே அவள் அம்மா நின்றிருந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சுவரோரம் அப்படியே உட்கார்ந்தார்.

"இருக்கும்மா. ஆனா ஈரல் சுத்தமா இருக்கு. மாத்திரை போட்டா போதும்," என்றாள் மகள்.

"கல்யாணம்?" என்றார் அவர், காற்று மாதிரி ஒரு குரலில்.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தியிருந்தாள்.

"அத்தான், சாப்பிட்டாச்சா? சரி, கேளுங்க. அடுத்த வாரம் லீவு போட்டுட்டு ராஜபாளையம் வாங்க. ரத்தம் குடுக்கணும். பயப்படாதீக, கொஞ்சூண்டுதான். எதுக்கா? வந்து உக்காருங்க, நானே படம் போட்டுச் சொல்லுதேன். பொறவு யோசிச்சு முடிவெடுங்க. நானும் யோசிக்கணும்லா."