ஆறு மணிக்கு ஓட்டிய படம்

சியாமளா அணுபுரத்தில் குடியிருக்கும் உயிரியல் ஆசிரியை. வயது நாற்பத்தெட்டு. கணவர் கிருஷ்ணபிரசாத்துக்கு அணுமின் நிலையத்தில் வேலை. மகள் படிக்க வெளியூர் போன பிறகு சியாமளா ஒரு கேமரா வாங்கினாள். மூன்று வருடம், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் காலை, பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு ஸ்கூட்டியில் போனாள். ஒரே பனைமரத்தடியில் ஸ்டாண்டை ஊன்றி, ஒரே கோணத்தில் படம் எடுத்தாள். எடுத்ததையெல்லாம் ஒன்பது நிமிடமாகச் சுருக்கினாள். அதில் பேச்சில்லை, இசையில்லை, ஆளும் இல்லை.

மூன்று குறும்பட விழாக்களுக்கு அனுப்பினாள். மூன்றும் மறுத்துவிட்டன. யாரும் கூப்பிடாவிட்டால் நாமே ஒரு விழா வைத்துக் கூப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். கதை இல்லாமல் இயற்கையை மட்டும் வைத்துப் புதுவிதமாக எடுத்த குறும்படங்கள் வேண்டும் என்று அறிவித்ததில் ஏழு படங்கள் வந்து சேர்ந்தன. சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் வலை பின்னும் கொட்டகை இருந்தது. கடலோடு வாழ்கிறவர்கள் பார்க்க வேண்டும் என்று அங்கேயே போடுவதாகத் தீர்மானித்தாள்.

கொட்டகைச் சாவி லோகுவிடம் இருந்தது. படகு எஞ்சின் பழுது பார்ப்பவன், அவளைவிட ஏழெட்டு வயது சின்னவன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு கையைத் துணியில் துடைத்தான்.

“நானும் ஒண்ணு எட்து வச்சிகீறேன் டீச்சர். பாக்கறீங்களா?”

மரியாதைக்காகத்தான் அவன் ஃபோனை வாங்கினாள். படம் ஆறு நிமிடம். தண்ணீர் புகாத பையில் ஃபோனைப் போட்டு நண்டு வலையோடு இறக்கியிருந்தான். வெளிச்சம் பச்சையாகி, பழுப்பாகி, அடியில் மணல் வந்தது. எங்கோ பொரி வறுப்பதுபோல் கடல் இடைவிடாமல் பொரிந்துகொண்டிருந்தது. ஒரு நண்டு வந்து பார்த்தது, பின்வாங்கியது, பிறகு ஃபோன் மேலேயே ஏறி உட்கார்ந்தது. ஒரு நிமிடம் முழுக்க அதன் வயிறு மட்டும்தான். அப்புறம் கயிறு அசைந்து எல்லாம் வானத்தை நோக்கி எழும்பின.

எத்தனை நாள் எடுத்தீர்கள் என்று கேட்டாள்.

“நாளா? வலை வுடசொல்லோ ஒரு நா காலைல கட்டி வுட்டேன். அவ்ளோதான்.”

சேர்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். மூன்று வருடம் பனைமரத்தடியில் நின்றவளுக்குக் கிடைக்காதது, பையில் போட்டுக் கட்டிவிட்டவனுக்கு ஒரு காலையில் கிடைத்துவிட்டது. தன் படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். இதுவரை நிதானம் என்று நினைத்தது வெறும் மந்தமாகத் தெரிந்தது.

நிகழ்ச்சி நிரலை எழுத உட்கார்ந்தாள். பிப்ரவரி மாதம். கொட்டகையின் மேற்குப் பக்கம் திறந்தவெளி. ஆறு மணிக்கு வெயில் நேராகத் திரையில் விழும். ஆறே முக்காலுக்கு மேல்தான் இருட்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். முந்தின வாரம் போய்ச் சோதித்துப் பார்த்தவள் அவள்தான். முதல் இடத்தில், ஆறு மணிக்கு, லோகுவின் படம் என்று எழுதினாள். தன்னுடையதை ஏழு மணிக்கு வைத்தாள்.

கிருஷ்ணபிரசாத் தாளைப் பார்த்துவிட்டு அந்நேரம் வெயில் அடிக்குமே என்றார். ஊர்க்காரருக்கு முதல் மரியாதை என்று பதில் சொன்னாள். லோகுவிடமும் அதையே சொன்னாள். அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, குடும்பத்தையே முன்வரிசையில் உட்காரவைத்தான்.

ஆறு மணிக்குப் படம் ஓடியது. திரையில் வெளுத்த துணியைத் தவிர எதுவும் தெரியவில்லை. பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. லோகுவின் அக்கா குப்பம்மா மீன் ஏலத்தில் பேசும் குரலிலேயே கேட்டாள்.

“இன்னாடா லோகு, துணி தொவைச்சிப் போட்டதையா படம் எட்த?”

கொட்டகையே சிரித்தது. லோகுவும் சிரித்தான். ஃபோன் பழையது, அதான் சரியாக வரவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு, எழுந்து பின்னால் போய் வலைக்குவியல் மேல் உட்கார்ந்தான். சியாமளாவுக்கு ஒரு கணம் இதமாக இருந்தது. அந்த இதத்தைப் பிறகு அவளால் மறுக்க முடியவில்லை.

ஏழு மணிக்கு அவள் படம். நல்ல இருட்டு, துல்லியமான திரை. மூன்றாம் நிமிடத்தில் அணுபுரத்து நண்பர்கள் ஃபோனை எடுத்தார்கள். குழந்தைகள் எழுந்து ஓடின. அவள் மெல்லப் பின்பக்கம் நகர்ந்தபோது லோகுவின் குரல் கேட்டது. பக்கத்தில் இருந்த கூட்டாளி சடையப்பனிடம் தணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“மணல் மேடு எடம் மாறிகினே போவுது பாரு. மொதல்ல வடக்கால இருந்திச்சி. ஆத்து வாய் அட்ச்சிகிச்சி, தொறந்திச்சி, இப்போ மறுபடி அட்ச்சிக்கும். இதுக்கு எத்தினி வருசம் நின்னாங்களோ.”

மூன்று விழாக்காரர்களும் கவனிக்காதது அது. கிருஷ்ணபிரசாத்கூட மூன்று முறை சொன்ன பிறகுதான் கவனித்தார். அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

கடைசிப் படம் எட்டு மணிக்கு முடிந்தது. எழுந்தவர்களை உட்காரச் சொன்னாள். முதல் படத்தை வெளிச்சத்தில் போட்டது தன் தவறு, மறுபடி போடுகிறேன் என்றாள். இந்த முறை நண்டு திரை முழுக்க ஏறி உட்கார்ந்தது. குப்பம்மா எழுந்து நின்றே பார்த்தாள். கயிறு அசைந்து மேலே வந்தபோது எழுந்த கைதட்டல் சியாமளாவுக்கு எரிந்தது. அவள் படத்துக்கு அதில் கால்வாசிகூட இல்லை.

ஆட்கள் கலைந்ததும் கொட்டகையைப் பூட்ட லோகு வந்தான். அவள் சொல்லிவிட்டாள்.

“அது தவறுதலா நடந்தது இல்ல, லோகு. வெயில் விழும்னு தெரிஞ்சேதான் முதல்ல போட்டேன். உங்க படம் என்னோடதைவிட நல்லா இருந்தது. தாங்க முடியல.”

அவன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முகம் சுருங்கியது. கோபமா, வருத்தமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“எங்க அக்கா அப்டி சொல்லசொல்லோ பேஜாரா பூட்சி டீச்சர்” என்றான். பிறகு பூட்டிக்கொண்டே, “படம் நல்லாதான் கீதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்” என்றான்.

ஒரு மாதம் அவன் அவளிடம் பேசவில்லை. புதுச்சேரியில் ஒரு விழாவுக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். அவள் போய் அவனிடம் அனுமதி வாங்கி, இரண்டு படங்களுக்கும் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். அவனுடையது தேர்வானது. அவளுடையது திரும்பி வந்தது.

குப்பத்தில் வேன் பிடித்து எல்லோரும் போனார்கள். லோகு அவளுக்கும் ஒரு இடம் வைத்திருந்தான். போனாள். திரும்பி வந்ததும், இன்னும் பொறாமையாக இருக்கிறதா என்று கிருஷ்ணபிரசாத் கேட்டார். இருக்கிறது என்றாள், செருப்பைக் கழற்றியபடி.