வளர்ற புள்ளைக்கு ஒரு துப்பாக்கி

செருப்புக் கடையில் மகளின் கால்விரலுக்கு முன்னால் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்கிறார் சுந்தரராஜுலு. விரல் பதிய இடம் இருக்கிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை. "இன்னொரு சைஸ் பெருசாவே குடுங்க. வளர்ற புள்ள."

பீளமேட்டில் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் வாங்குகிற எதிலும் வருங்காலத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டாக வேண்டும் அவருக்கு. ஷ்ரவ்யாவின் பள்ளிச் சீருடைகள் தொளதொளவென்று தொடங்கி, அளவு சரியாகிற சமயத்தில் கிழிந்தன. முதல் சைக்கிளில் கால் பெடலுக்கு எட்டவில்லை. "அடுத்த வருசம் எட்டீரும் கண்ணு" என்று சொல்லி, அதுவரை தெருத் தெருவாகப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். இதைக் கஞ்சத்தனம் என்பவர்கள் அந்த மனுசனை அறியாதவர்கள். மகள் வளர்வாள் என்பதில் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

கல்லூரிக்குப் போன பிறகு ஷ்ரவ்யாவுக்குத் துப்பாக்கி சுடும் ஆசை வந்தது. வேட்டையெல்லாம் சட்டப்படி எப்போதோ முடிந்துபோன கதை. இது, வானில் வீசும் களிமண் தட்டைச் சுடுகிற போட்டி. இவர் மறுக்கவில்லை. தன் பெயரில் உரிமம் எடுத்துக்கொண்டு கலீல் ரஹ்மானின் துப்பாக்கிக் கடைக்குப் போனார். கடைக்காரர் குட்டையான, லேசான ஒன்றை எடுத்து வைத்தார். இவர் அதை ஒதுக்கிவிட்டு, இருந்ததிலேயே நீளமான, கனமான, குழல் அகலமான பன்னிரண்டு ‘போர்’ துப்பாக்கியைக் காட்டினார். காரணம் வழக்கமானதுதான்.

அதற்குப் பிறகு தட்டுகள் எல்லாம் முழுசாகவே தரையில் விழுந்தன. விசையைத் தொடும்போதே பெண் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று பயிற்சியாளர் சொன்னார். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக்க முடியும் என்று இவரும் பேசாமல் இருந்தார். ஒரு மாலை, மனைவி கனகம் மகளின் தோளுக்கு ஒத்தடம் கொடுப்பதைப் பார்த்தார். துப்பாக்கி உதைத்து உதைத்துத் தோள் கன்றிக் கருநீலமாக இருந்தது.

"எனக்கு வரலீங்க நைனா. போதும், உட்டர்றேன்" என்றாள் ஷ்ரவ்யா.

சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டபோதுகூட அவள் போதும் என்று சொன்னதில்லை.

மறுநாள் துப்பாக்கியோடு கடையில் நின்றார். நடந்ததைக் கேட்டுக்கொண்ட கலீல் ரஹ்மான் எதையும் விளக்கவில்லை. திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டார். தோளில் ஊன்றுகிற அடிக்கட்டையின் முனையில் ஒரு மரத்துண்டை வைத்து நாடாவால் இறுக்கிச் சுற்றினார்.

"ஏனுங்க, நீங்க ஒருக்கா தோளுக்கு ஏத்திப் பாருங்க."

ஏற்றினார். கட்டை அக்குளில் மாட்டிக்கொண்டது. எப்படியோ தோளுக்குக் கொண்டுவந்தால் கை விசைக்கு எட்டவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தார், குழல் கீழே சாய்ந்தது.

"இத வெச்சுட்டு எப்படிங்க சுடறது?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான், மகளுக்கும் இது இப்படித்தானே இருந்திருக்கும் என்று உறைத்தது. மகளை இத்தனை நாளும் தானே அடித்துக்கொண்டிருந்ததாகத் தோன்றியது. கடைசியில், புள்ளைக்கு இப்போது பொருந்துகிற மாதிரி ஒன்று கொடுங்கள் என்றார்.

உரிமத்தில் மாற்றி எழுதி, குழல் சிறுத்த, லேசான இருபது ‘போர்’ துப்பாக்கி கைக்கு வருவதற்குள் அவள் தோள் ஆறிவிட்டது. மனசு ஆறியதா என்று தெரியாமல், பயந்து பயந்துதான் மைதானத்துக்குக் கூப்பிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

முதல் தட்டு தப்பியது. அவர் வேறு பக்கம் பார்த்தார். அடுத்த வெடிச்சத்தத்தில் திரும்பினால், வானத்தில் தட்டு சிதறிய ஆரஞ்சுப் பொடி. பிறகு இன்னொன்று. அதற்கடுத்தது தப்பியது. ஆனால் அவள் கண் திறந்தே இருந்தது. அப்பாடா என்று அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது.

வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள்.

"தோட்டா தீந்துபோச்சுங்க நைனா."

சுந்தரராஜுலு காருக்கு ஓடினார். புதுப் பெட்டியை அவசரமாகக் கிழித்து, அவளுடைய மேலங்கிப் பையைத் தானே விரித்துப் பிடித்து, பை பிதுங்கும்வரை தோட்டாக்களை அள்ளி அள்ளிப் போட்டார்.