நட்சத்திரம் நட்ட மனைகள்

எங்கள் நகருக்கு நகர் என்று பெயர்ப்பலகை வைத்தபோது அதில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அது எங்கள் வீடு. பாரிவாக்கத்து வெட்டவெளியில், எல்லைக்கல் நட்ட காலி மனைகளுக்கு நடுவே அப்பா அதைக் கட்டினார். ஆவடி தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸை விட்டுச் சொந்த வீட்டுக்கு வந்த பெருமை அவருக்கு. அம்மாவுக்கு அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குவார்ட்டர்ஸில் சமையலறை ஜன்னல் வழியாகவே கறிவேப்பிலையும் ஊர்க்கதையும் வாங்கிப் பழகியவள் அவள். இங்கே அப்பா வேலைக்கும் நான் பள்ளிக்கும் கிளம்பிவிட்டால், பேச்சுத்துணைக்கு மேய வந்த எருமைகள்தான்.

“காட்டுல கொண்டாந்து போட்டுட்டீங்க. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். பக்கத்துல ஒரு ஊடு வரலன்னா, குவார்ட்டர்ஸுக்கே திரும்ப எழுதிக் குடுத்துடுங்க” என்றாள். அப்பா பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வழி சொன்னது மாமா, அம்மாவின் தம்பி. மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வேலை. “இன்னாக்கா, இதுக்குப் போயி கண்ணக் கசக்கிகினு கீற? ஆளு கீதுன்னு தெரிஞ்சாதான் ஆளு வரும்.” டிசம்பர் பிறந்ததும் சவுக்குக் கழிகளோடு வந்து இறங்கினார். சுற்றியிருந்த காலி மனைகளில் கழி நட்டு, எங்கள் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காகித நட்சத்திரத்தைத் தொங்கவிட்டார். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு தெருவே குடியேறியதுபோல் இருந்தது.

மனை வாங்க யாரும் வரவில்லை. சர்ச்சின் கேரல் குழுதான் வந்தது. நட்சத்திரம் தொங்கும் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பாடுவது அவர்கள் வழக்கம். இருட்டத் தொடங்கியதும் டிரம், கிடார், கிறிஸ்துமஸ் தாத்தா சகிதம் வேனிலிருந்து இறங்கினார்கள். “ஸ்டார் கீது, ஊடு எங்கபா?” என்றார் தாத்தா, முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது மாமாவுக்கு. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா உள்ளே போய்விட்டார்.

அம்மாதான் அச்சுமுறுக்குத் தட்டோடு வெளியே வந்தாள். “வந்தது வந்துட்டீங்க. எல்லா ஸ்டாருக்குக் கீழயும் ஒரு பாட்டு பாடிட்டுப் போங்க.”

பாடினார்கள். ஒவ்வொரு கழியடியிலும் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்காரியாக நின்றாள். ஜெபம் முடிந்ததும் முறுக்குத் தட்டை நீட்டினாள். பெரியவர்கள் சொப்பு விளையாடுகிறார்கள் என்று எனக்கு ஒரே சிரிப்பு. “இந்த வீட்டாரை ஆசீர்வதியும்” என்றபோதெல்லாம், எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னவள் அம்மா. எங்கள் சமையலறைக்குப் பக்கத்து மனையில் மட்டும் ஆமென் சொல்ல மறந்து, எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிறிஸ்துமஸ் போயிற்று. ஒரு வீடும் வரவில்லை. அம்மாவும் குவார்ட்டர்ஸ் பேச்சை எடுக்கவில்லை. இன்று அங்கே சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள். எனக்கென்னவோ மனசு அந்த வெட்டவெளியையும் முக்காடு போட்ட அம்மாவையும்தான் தேடுகிறது.

அன்றிரவு கேரல் வேன் போன பிறகு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “யாருமே இல்லாத ஊட்டுக்கு எதுக்கும்மா ஜெபம்?”

“வருவாங்கடி” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இதுவரை பார்த்தேயிராத மனிதர்களுக்காகவும் ஒருத்தி ஏங்க முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.