எங்கள் வீட்டுத் தபால்

என் தங்கைக்கு வைத்த பெயரைப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைத் தவிர யாரும் சீந்தியதில்லை. வீட்டிலும் தெருவிலும் அவள் 'தபால்'தான். அந்தப் பெயரை வைத்தவள் நான். பதினைந்து வயதிலிருந்து அவள் வீட்டில் பார்த்த வேலை அது.

அப்பா லிப்ட் பழுதுபார்ப்பவர். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. ஒருநாள் அப்பா, அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல், "ஒரு மாசம் எங்களோட இருங்க" என்று தன் அண்ணன் குடும்பத்தைக் கூட்டிவந்துவிட்டார். இருந்த இரண்டு அறையில் அவர்கள் எட்டு மாதம் இருந்தார்கள். அவர்கள் போன அன்று அம்மா கதவையும் சாத்தினாள், வாயையும் சாத்தினாள். அதற்கப்புறம் ஏழு வருஷம் அப்பாவோடு பேச்சுவார்த்தை கிடையாது. அம்மாவுக்குக் காலை ஷிப்ட், அப்பாவுக்கு மதியத்துக்கு மேல். இருவரும் ஒருசேர வீட்டில் இருப்பதே அபூர்வம். சொல்ல வேண்டியதையெல்லாம் தங்கையிடம் சொல்லி அனுப்புவார்கள். என்னிடம் சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொன்னதை நான் அப்படியே ஒப்பித்து, என் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்தும் விடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவள் கதையே வேறு. "உங்கப்பா இன்னொரு தடவை ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டா, துண்டோட சேத்து அவரையும் தூக்கி வெளில போட்டுடுவேன்னு சொல்லு" என்பாள் அம்மா. இவள் அப்பாவிடம் போய், "ஈரத்துண்டு பக்கத்துல படுத்தா உங்களுக்குச் சளி பிடிக்குமாம்ப்பா, அம்மா கவலைப்படுறாங்க" என்பாள். அப்பா பூரித்துப்போய்த் துண்டைக் கொடியில் போடுவார். "அவளுக்கு வேற வேலை இல்லையாமா?" என்று அவர் முணுமுணுத்தது, அம்மாவிடம் போய்ச் சேரும்போது, "நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்கியாம், கொஞ்ச நேரம் உக்காரச் சொன்னாரு" என்று ஆகியிருக்கும். எனக்கு எல்லாம் தெரியும். வீடு நிம்மதியாக இருக்கிறதே, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

தூதராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார் எங்கள் ஊரில் ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறார். பெரிய மேடம் என்பார்கள். வருஷத்துக்கு முப்பது பெண்கள், அங்கே விடுதியிலேயே தங்கிப் படிக்க வேண்டும். நீதிபதியின் அண்ணன் மகளும் உண்டு, கல் உடைப்பவரின் மகளும் உண்டு, அநாதை இல்லத்தில் வளர்ந்தவளும் உண்டு. ஒரு வருஷப் பயிற்சியை ஒழுங்காக முடித்தவர்களை மட்டும் மேடம் வெளியுறவுத் துறைத் தேர்வுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். "இந்த வேலைக்கு ஏன் வரணும்னு நினைக்கிறே?" என்று நேர்காணலில் கேட்டதற்கு எங்கள் தபால், "எங்க வீட்டுல ஏழு வருஷமா நான்தான் மேடம் தூதரகம் நடத்துறேன்" என்றிருக்கிறாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்து, இடமும் கொடுத்துவிட்டார்கள். என் தையல் கடைக்கு வந்த ஒருவர் விடாமல் எல்லோரிடமும் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அவள் விடுதிக்குப் போனதும் வீட்டில் தபால் நின்றுபோனது. அம்மா முதலில் என்னைப் பிடிக்கப் பார்த்தாள். "நான் டெய்லர்ம்மா, தபால்காரி இல்ல" என்று கையை விரித்துவிட்டேன். ஒன்பதாம் நாள், வேறு வழியில்லாமல், "கேஸ் தீந்துபோச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "பதிவு பண்றேன்" என்று அப்பாவும் சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் மெல்ல மெல்ல முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள்.

அங்கே தங்கைக்கு எல்லாம் நன்றாகத்தான் போனது. விடிந்ததும் நாலு செய்தித்தாள் படிக்க வேண்டும். குரலை உயர்த்தாமல் கோபப்படப் பழக வேண்டும். நாலு மணி நேரக் கூட்டத்தில் முகம் மாறாமல் உட்கார வேண்டும். கொட்டாவியை வாய் திறக்காமல் மூக்கு வழியாக விடுவது எப்படி என்று லீவில் வந்தபோது எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். எட்டாவது மாதம் ஒரு பயிற்சி வைத்தார்கள். அதில்தான் மாட்டிக்கொண்டாள்.

மூன்று நாள் விளையாட்டு அது. மாடி அறை ஒரு நாடு, கீழ் அறை இன்னொரு நாடு. கடல் எல்லையைத் தாண்டி வரும் மீன்பிடிப் படகுகளைப் பற்றி வழக்கு. இரு தரப்பும் நேரில் பேசக் கூடாது. நடுவே ஒரு தூதுவர் படியேறி இறங்கி, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். அறைக்கு ஒருத்தி, சொல்லியனுப்புவதையும் குறித்துவைப்பாள்; தூதுவர் வந்து சொல்வதை அவள் மட்டும் வாசலில் கேட்டு எழுதி, உள்ளே மற்றவர்களுக்கு வாசித்துக்காட்டுவாள். தூதுவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கீழ் அறையில் குறிப்பெடுத்தவள் கல் உடைப்பவரின் மகள், விடுதியில் என் தங்கையோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள்.

இரண்டாம் நாள், மாடியில் தலைமை வகித்த நீதிபதி வீட்டுப் பெண் சொல்லியனுப்பினாள்: "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள படகுகளைத் திரும்பக் கூப்பிடணும். இல்லேன்னா நாங்க எழுந்து போயிடுவோம்." தங்கை கீழே இறங்கி வந்து, "படகு விஷயத்துல அவங்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம் இருக்கு. முடிஞ்சா பாருங்க" என்றாள். கீழ் அறைக்காரர்கள் 'பார்க்கலாம்' என்று இருந்துவிட்டார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு மாடிக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். பயிற்சி பாதியில் கவிழ்ந்தது. கீழ் அறைக் குறிப்பைப் பார்த்தால் கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குறிப்பெடுத்த பெண்தான் புரியாமல் எழுதிவிட்டாள், அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, திங்கட்கிழமை அனுப்பிவிடலாம் என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு மதியம் என் கடைக்குப் போன் வந்தது. பள்ளிச் சீருடை எழுபது வெட்டிப்போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் மாத்திச் சொல்லிட்டேன்" என்று அழுதாள். நடந்ததைச் சொன்னாள். "வேணும்னு பண்ணலக்கா. அந்த வார்த்தை வாயில வரவே இல்ல."

"யாருக்காவது தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. நான் போய்ச் சொன்னா என்னை அனுப்பிடுவாங்க."

"அப்போ வாயை மூடிட்டு இரு" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. என் தங்கை முக்கியமா, முகம் தெரியாத எவளோ முக்கியமா என்றுதான் அந்த நேரத்தில் ஓடியது.

அவள் போனை வைக்கவில்லை. அப்புறம், "அவ பெட்டி கட்டிட்டிருக்காக்கா. தனக்குத்தான் சரியா காதுல விழலன்னு அவளே நம்புறா. என்கிட்டயே வந்து மன்னிப்புக் கேட்டா" என்றாள்.

மிஷினை நிறுத்தினேன். "போடி. உடனே போய்ச் சொல்லு" என்றேன். "அனுப்பினா அனுப்பட்டும். இங்க வந்து எனக்குப் பட்டனுக்குக் காஜா எடுத்துக் குடு."

திங்கட்கிழமை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை தைத்துவைத்தேன். விஷயத்தை நான் சொல்லியிருந்ததால் அம்மாவும் அப்பாவும் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மாற்றிச் சொல்லும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டபோது, ஏழு வருஷத் தபாலையும் போட்டு உடைத்துவிட்டேன்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ ஒரு தடவைகூட நீங்க என்னை உக்காரச் சொல்லலையா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "இப்போ உக்காந்துதானே இருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மூன்றரை மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா, என்னை அனுப்பலக்கா. இருக்கச் சொல்லிட்டாங்க."

என் வயிற்றில் பால் வார்க்க வேண்டிய சேதி. ஆனால் வார்க்கவில்லை. சொல்வது யார்? இவள் வாயால் வந்த நல்ல சேதியை நான் என்றைக்கு நம்பியிருக்கிறேன்? வீட்டுக்குப் பெட்டியோடு வந்துகொண்டே, நாங்கள் கலங்கக் கூடாது என்று இப்படிச் சொல்லக்கூடியவள்தானே!

"நிஜமாவாடி? இல்ல, உன் வழக்கமான தபாலா?" என்றேன்.

"இல்லக்கா. மேடம் சொன்னதை அப்படியே சொல்றேன். அவங்க முதல்ல, 'உன்னைத் தூதரகத்துல வச்சா ரெண்டு நாடும் சிரிச்ச முகத்தோட சண்டைக்குப் போகும்'னாங்க. 'உன்னை மாதிரி நல்லவங்களால ஆள் சாவாங்க'ன்னாங்க. அப்புறம் ரெண்டு நாள்ல நான் கொண்டுபோன ஒவ்வொரு தகவலையும், ஒரு பக்கம் என்ன சொல்லியனுப்பினாங்க, மறுபக்கம் நான் என்ன சொன்னேன்னு எழுதச் சொன்னாங்க. நாப்பத்தோரு தகவலையும் எழுதினேன். பதினாறை மாத்தியிருக்கேன்."

"பதினாறா!"

"சொல்லியனுப்பினதுன்னு நான் எழுதினதை ரெண்டு ரூம் குறிப்போடயும் ஒத்துப் பாத்தாங்க. ஒரு வார்த்தை பிசகல. 'காது நல்லா இருக்கு, வாய்தான் உதவாது. நீயா வந்து சொன்னதால வாயைத் திருத்திப் பாக்குறேன். பயிற்சி முடியற வரைக்கும் உன்கிட்ட ஒரு தகவலும் குடுத்தனுப்ப மாட்டேன். குறிப்பு மட்டும் எழுது. அதுல ஒரு சொல்லு மாறினாலும் அன்னைக்கே கிளம்பு'ன்னாங்க."

"அந்தப் பொண்ணு?"

"அவ இருக்காக்கா. எல்லாருக்கும் முன்னாடி மேடமே அவகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "என்கிட்ட மட்டும் பேசல. 'உன் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கல'ன்னு சொல்லிட்டு, வேற ரூமுக்குப் போயிட்டா."

பழைய தபாலாக இருந்தால், 'அவளுக்குக் கொஞ்சம் அசதிக்கா' என்றிருப்பாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. இத்தனை திட்டையும் இவளால் கற்பனை செய்ய முடியாது. இருக்கச் சொன்னது நிஜம். கடையில் வேறு ஆள் இருக்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டேன்.

அம்மா பதறி எழுந்து, "என்னடி, என்ன சொல்றா?" என்றாள். நான் வாயைத் திறக்காமல் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். தங்கை முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். தன் கடைக்குட்டியை யாராவது ஒரு சொல் சொன்னாலே சண்டைக்குப் போகிற அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "இன்னும் என்னம்மா திட்டினாங்க, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.