அகராதியும் நீலக்கதவும்

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். அதைக் கேட்டால் அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வயதில் "அகராதி பிடிச்சவ" என்று அத்தைமார் வாய் ஓயாமல் திட்டினார்கள். வளர்ந்தபின் அவள் அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள்.

"அவங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். சொன்னபடியே அகராதிதான் எனக்குச் சோறு போடுது" என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வாள். அந்த ஏற்றலிலேயே ஒரு திமிர் இருக்கும். அழகான திமிர்.

அவள் வேலை பார்த்தது கணினி வலையமைப்புகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில். மேல்மாடியில் ஆங்கிலம் பேசும் பொறியாளர்கள், கீழ்மாடியில் பிரெஞ்சு பேசுபவர்கள். வலையமைப்பு என்னவோ ஒன்றுதான். மேலே ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லி, கீழே இன்னொருவர் அதை வேறொன்றாகப் புரிந்துகொண்டால் ஒரு பள்ளிக்கூடமோ வங்கியோ அப்படியே ஸ்தம்பித்துவிடும். அப்படி நடக்காமல் காப்பதுதான் அகராதியின் வேலை. ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் கணினிக் கூட்டம் ஆங்கிலத்தில் டொமைன், பிரெஞ்சில் தொமேன். அதற்குள் ஒரு பிரிவு என்றால் மேலே சப்-டொமைன், கீழே ஸூ-தொமேன். இதெல்லாம் சுலபம். ஒரு வட்டாரத்தின் டொமைன் பெயர்களையெல்லாம் மொத்தமாகப் பதிந்து காக்கிற இடம் ரெஜிஸ்ட்ரி. அங்கே நமக்காகப் பேசி நம் பெயரைப் பதிந்து தருகிற கடை ரெஜிஸ்ட்ரார். பிரெஞ்சில் முதலாவது ரெஜிஸ்த்ர், இரண்டாவது 'பதிவு அலுவலகம்' என்று பொருள்படும் வேறொரு நீண்ட தொடர். இங்கேதான் ஆட்கள் வழுக்கி விழுவார்கள்.

அவள் குடும்பமும் இங்கேதான் வழுக்கி விழுந்தது.

கல்யாணமாகி அவள் புகுந்த வீட்டில் மாமியார் இல்லை. பள்ளிச் சீருடையில், ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்தபடி, ஒரு நாத்தனார் மட்டும் இருந்தாள். வீட்டில் அவளைப் பொடிசு என்பார்கள். புதுப்பெண் பெட்டியைக் கீழே வைத்த கையோடு அந்தப் பின்னலைப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து பொடிசுக்கு மூச்சுக்கு மூச்சு அண்ணிதான். அண்ணி, செருப்பு எங்கே? அண்ணி, எனக்கு ஜுரமா பாருங்க. அண்ணி, அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. கல்லூரியில் பிரெஞ்சு எடுத்துப் படித்து, யார் சிபாரிசும் இல்லாமல் அதே நிறுவனத்தின் கீழ்மாடியில் பிரெஞ்சுச் சொற்களைச் சரிபார்ப்பவளாக அவள் வந்து சேர்ந்தபோது, அகராதி மேல்மாடி முழுக்க இனிப்புக் கொடுத்தாள்.

பிறகு அந்த நாள் வந்தது. வாடிக்கையாளர்கள் நிறைந்த கூடம். மேடையில் பொடிசு, முதன்முறையாக. பேச்சின் நடுவே ரெஜிஸ்ட்ரிக்கும் ரெஜிஸ்ட்ராருக்கும் சேர்த்து ரெஜிஸ்த்ர் என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டாள். மூன்றாம் வரிசையில் அகராதி எழுந்து நின்றாள்.

"மன்னிக்கணும். அந்தச் சொல் தப்பு."

யாரோ சிரித்தார்கள். பொடிசின் முகம் வெளிறியது. திருத்திச் சொன்னாள், பேச்சை முடித்தாள், கைதட்டலும் வாங்கினாள். படிக்கட்டில் அகராதியை மடக்கிக் கேட்டாள்.

"இதை வீட்ல வந்து சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணி?"

"தப்பு எங்க நடந்துச்சோ அங்கதான் திருத்தணும்."

அதற்குப் பிறகு அந்த வாயிலிருந்து அண்ணி என்ற சொல் வரவே இல்லை. பொடிசு தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அலுவலகத்தில் பார்த்தால் "மேடம்". லிப்டில் "குட் மார்னிங் மேடம்". ஊசியை எடுத்துக் குத்தியிருந்தால்கூட அகராதிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் அகராதியின் கணவர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "என் வண்டியில கத்துக்கிறவங்க பக்கம் ஒரு பிரேக், என் பக்கம் ஒரு பிரேக். யார் தடுமாறினாலும் நான் மிதிச்சு நிறுத்திடுவேன். வீட்ல எனக்கு ஒரு பிரேக்கும் வைக்கல" என்று புலம்புவார்.

"உங்க தங்கச்சி தப்புச் சொல்லைச் சொன்னா" என்பாள் இவள்.

"சொன்னா. அதுக்கு ஊரைக் கூட்டித்தான் சொல்லணுமா?"

"ஊர் ஏற்கெனவே கூடித்தானே இருந்துச்சு!"

அவள் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள். அந்தச் சத்தத்துக்குள் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் பொடிசுக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ரயில். அதற்கு முந்தைய சனிக்கிழமை ஓர் ஆஸ்பத்திரியின் வேலையை முடித்துக்கொடுத்துவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. செய்தியைக் கணவர்தான் சொன்னார்.

"உன்கிட்ட சொல்லிட்டுப் போகச் சொன்னேன். ஆபீஸ்லயே பார்த்துப்பேன்னுட்டா."

அகராதி துண்டால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்க அவள் தயாராக இல்லை. சொல் தப்பு, தப்புதான். ஆனால் அந்தப் பெண் ரயில் ஏறுவதற்குள் அந்த வாயிலிருந்து ஒரே ஒரு முறை, ஒரே ஒரு முறை, அண்ணி என்று கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் இந்த ஜன்மத்தில் இனிக் கிடையாது என்று அவள் மனசு அடித்துச் சொன்னது.

சனிக்கிழமை மதியம். ஆங்கில ஆஸ்பத்திரி ஒன்றும் பிரெஞ்சு ஆஸ்பத்திரி ஒன்றும் இணைந்து ஒரே ஆஸ்பத்திரியாகியிருந்தன. பிரெஞ்சுக் கட்டடத்துக் கணினிகளையெல்லாம் ஆங்கிலக் கட்டடத்தின் டொமைனுக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இப்படிப்பட்ட வேலைக்கு அந்த நிறுவனத்தில் ஜோடி வாசிப்பு என்று ஒரு முறை உண்டு. மேல்மாடிக்காரர் ஒரு வரியை ஆங்கிலத்தில் படிப்பார். கீழ்மாடிக்காரர் அதே வரியைப் பிரெஞ்சில் படிப்பார். இருவரும் "ஒத்தது" என்று சொன்ன பிறகுதான் கணினி முன் இருப்பவர் விசையை அழுத்தலாம். வேறு ஒரு சொல்லும் வாயிலிருந்து வரக் கூடாது. முன்பு ஒரு முறை, டீ கொண்டுவந்தவரிடம் ஒருவர் "சரி சரி" என்று சொல்லப்போக, அதை உத்தரவென்று எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தின் வலையமைப்பையே துண்டித்துவிட்டார்கள். அதிலிருந்து கட்டுப்பாடு. அரட்டை இல்லை, உறவுமுறை இல்லை, எல்லாம் பதிவாகும். இந்த விதியை எழுதியவளும் நம் அகராதிதான்.

நீள மேசை. ஒரு முனையில் அகராதி, மறுமுனையில் பொடிசு. நடுவில் விசைப்பலகையோடு தாடி வைத்த பொறியாளர். சுவரோரம் மேலாளர், இரண்டு மாடி ஆட்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இருவர்.

"ஆரம்பிக்கலாமா, மேடம்?" என்றாள் பொடிசு.

"ஆரம்பிக்கலாம்" என்றாள் அகராதி.

அகராதி ஒரு வரி படித்தாள். பொடிசு அதைப் பிரெஞ்சில் படித்தாள். ஒத்தது, ஒத்தது, டக். அடுத்த வரி. ஒத்தது, ஒத்தது, டக். பார்க்கவே கண்கொள்ளாத காட்சி அது. ஒருத்தி மூச்சை விடும் இடத்தில் மற்றவள் மூச்சை எடுத்தாள். பேசாமலே வாழ்ந்த இரண்டு பெண்கள் ஒரே துணியை இரண்டு முனையில் பிடித்து மடிப்பதுபோல வேலை நடந்தது. பிரெஞ்சு மூக்கொலிகளைப் பொடிசு அநாயாசமாக உருட்ட, அகராதிக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. என் பொடிசு!

ஆங்கிலக் கட்டடத்து மருந்துக்கிடங்கின் முறை வந்தது. அந்தக் கிடங்குக்கு ஒரு நீலக்கதவு. அதை வைத்தே அதன் சப்-டொமைனுக்கு 'ப்ளூ-டோர்' என்று ஆங்கிலக் கட்டடத்துக்காரர்கள் எப்போதோ பெயர் வைத்திருந்தார்கள்.

அகராதி படித்தாள்: "ப்ளூ-டோர்."

பொடிசு தன் தாளைப் பார்த்துப் படித்தாள்: "பொர்த்-ப்ளூ."

கதவுக்குப் பொர்த், நீலத்துக்குப் பிரெஞ்சிலும் ப்ளூதான். பொருத்தம் பிரமாதம். சொல்லோடு சொல் வாழ்ந்து பழகிய அகராதியின் காதுக்கு அதில் ஒரு சிராய்ப்பும் தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

"ஒத்தது."

இப்போது பொடிசு சொல்ல வேண்டும். தாடிக்காரரின் விரல் விசையின் மேல் காத்திருந்தது. பொடிசு வாயைத் திறந்தாள். கண் தாளிலேயே நின்றது. பொர்த்-ப்ளூவுக்குப் பின்னால் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் டொமைன், ஓர் எழுத்துகூட மாறாமல் ஆங்கிலத்தில்.

அவளுக்குப் பகீரென்றது. இது சொல் இல்லை. பெயர். கணினி தேடிப் போகிற முகவரி. பிரெஞ்சுக் கட்டடத்து மருந்துக் கணினிகள் 'பொர்த்-ப்ளூ' என்று தேடினால், அப்படி ஓர் இடம் இந்த உலகத்திலேயே கிடையாது. மருந்துச் சீட்டுகள் எங்கே போய் நிற்கும்? தாளின் அடியில் அகராதியின் கையெழுத்து. பொடிசு பேசாமல் 'ஒத்தது' என்று சொல்லிவிட்டால் பழி அவள்மேல் வராது. சொன்னாலோ, இத்தனை பேர் நடுவில், அண்ணியை…

வாசகர்களே, அவள் அதையெல்லாம் யோசித்தாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. குரல் முந்திக்கொண்டது.

"கையை எடுங்க! அண்ணி, அது பேரு! பேரைப் போய் மொழிபெயர்த்து வெச்சிருக்கீங்களே, அண்ணி!"

தாடிக்காரர் சூடுபட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். மேலாளர் சுவரைவிட்டு நிமிர்ந்தார்.

அகராதி தாளை வாங்கிப் பார்த்தாள். மொழிபெயர்க்கும் மென்பொருளில், தொடக் கூடாத பெயர்களுக்கெல்லாம் ஒரு பூட்டு போடுவது அவள் வேலை. மருந்துக்கிடங்கின் பெயருக்கு மட்டும் பூட்டு விட்டுப்போயிருந்தது. மென்பொருள் தன் கடமையைச் செய்து கதவைப் பிரெஞ்சாக்கிவிட்டது. காதால் கேட்டும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சாதாரண ஆள் கேட்டிருந்தால்கூட, என்ன இது வேற மாதிரி இருக்கே என்று கேட்டிருப்பான். அர்த்தம் தெரிந்தவர்கள் மட்டுமே ஏமாறக்கூடிய தப்பு அது.

"என் தப்புதான்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "பூட்டு போடாம விட்டுட்டேன். திருத்திக்கலாம்."

பொடிசு நாற்காலியை விட்டு எழுந்தாள். "எல்லார் முன்னாடியும் கத்திட்டேன்…"

"கத்தாம? அவர் கை விசை மேல இருந்துச்சு, கத்தித்தான் ஆகணும்." அகராதி கண்ணாடியைக் கழற்றினாள். அதைத் துடைக்க அவளுக்கு அவசியம் இருந்தது. "அன்னைக்கு யார் கையும் எது மேலயும் இல்லையேடி. நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம்."

மேசையின் முழு நீளமும் அவர்களுக்கு நடுவில் இருந்தது. அதைப் பொடிசு எப்படிக் கடந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் விசும்பியபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தார். தாடிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு, "டீ சொல்லட்டுமா?" என்றார்.

"வாசிப்பு முடியட்டும், அப்புறம் சொல்லுங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள்.

பெயரைத் திருத்தினார்கள். மீதியை வாசித்து முடித்தார்கள். பிரெஞ்சுக் கட்டடத்திலிருந்து, மருந்துக் கணினிகள் எல்லாம் வேலை செய்கின்றன என்று தொலைபேசி வந்தது. மேலாளர் பதிவைச் சரிபார்த்துவிட்டுத் தயக்கமாக அகராதியிடம் வந்தார்.

"நடுவுல ரெண்டு தடவை 'அண்ணி'ன்னு விழுந்திருக்கு. உங்க விதிப்படி உறவுமுறை கூடாது. வெட்டிடலாமா?"

அகராதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். பழைய திமிர் அப்படியே திரும்பியிருந்தது.

"அது பேருங்க. தொடக் கூடாது."

மறுநாள் கணவர் தம் பயிற்சிக் காரில் இருவரையும் ரயில் நிலையத்துக்கு அழைத்துப்போனார். பின்இருக்கையில் அண்ணியும் நாத்தனாரும். வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை, சண்டை ஆரம்பித்துவிட்டது.

"ரெஜிஸ்ட்ராருக்கு அந்த நீளமான தொடரை எவ சொல்லுவா, அண்ணி? மேடையில மூச்சு வாங்குது. சுருக்கணும்."

"சுருக்குவ, சுருக்குவ. உன் பின்னலைச் சுருக்கு முதல்ல."

"புது ஆபீஸ்ல நான்தான் முடிவு பண்ணுவேன், பாருங்க."

"பண்ணு. தப்பா பண்ணினா போன் பண்ணி, ரகசியமா சொல்லுவேன்."

காரின் பின்பார்வைக் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார் கணவர். சின்னவள் பெரியவளின் மடியில் தலையை வைத்துக்கொண்டே வாதாடினாள். பெரியவளின் கை, பேச்சை விடாமலே, அந்தப் பின்னலை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தது.

"இந்த வண்டியில ரெண்டு பிரேக் இருக்கு" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். "ரெண்டுமே முன்னாடிதான் இருக்கு, பின்னாடி பேச்சுக்கு ஒண்ணும் வைக்கல. நல்லவேளை."