பால் கறக்கிற நேரத்து வலி

உத்திராபதிக்கு முதுகுவலி என்றால் ஆலத்தியூர்ப் பக்கம் சிரிப்பார்கள். சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறவன். வெயில் ஏறிய பிறகு அவன் வண்டியில் தாவி ஏறுவதைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். விடியற்காலையில் பாயில் கட்டையாகக் கிடப்பதும், உருண்டு, சுவரைப் பிடித்து எழுவதும் அவன் மனைவி வெற்றிச்செல்விக்கு மட்டுமே தெரியும். அவன் இடுப்பு நிமிர்வதற்குள் அவள் மாடுகளைக் கறந்து சொசைட்டியில் பாலையும் ஊற்றிவிடுவாள்.

“அதென்னங்க, பால் கறக்கிற நேரத்துக்கு மட்டும் கரெக்டா வர்ற வலி? மாட்ட வித்துட்டா சரியாயிடும் போல.”

அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் அவளே நம்பவில்லை என்பதுதான் வலியைவிடக் குடைந்தது.

ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் பிடிபடவில்லை. பெரம்பலூர் டாக்டர் எம்ஆர்ஐ எழுதினார். நடந்தால் வலி ஓடிவிடுமே, படத்தில் எப்படி விழும்? உத்திராபதி ஒரு முடிவுக்கு வந்தான். ஸ்கேன் நாளன்று பஸ்ஸிலும் அசையவில்லை, பெஞ்சிலும் அசையவில்லை. கூட வந்த வெற்றிச்செல்வி டீக்குக் கூப்பிட்டதற்கும் எழவில்லை.

ஸ்கேன் எடுக்கும் ஆனி ரோஸ் எட்டிப் பார்த்தாள். “ஏண்ணே செலையாட்டம் உக்காந்திருக்கீங்க?”

“நடந்தா கலைஞ்சிரும் மேடம்.”

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “படத்துல நாங்க பாக்குறது எலும்புக்குள்ள ஊறுன நீருண்ணே, நாலு எட்டு நடந்தா வடிஞ்சிராது. போயி டீ குடிச்சிட்டு வாங்க. உள்ள படுத்தப்பறம் இதே மாதிரி இருந்தாப் போதும்.”

உள்ளே உலோகம் எதுவும் ஆகாது என்றதும், அரைஞாண் கயிற்றைத் தாயத்தோடு அவிழ்த்துக் கொடுத்தான். வெற்றிச்செல்வி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாலையில் டாக்டர் படத்தைக் காட்டினார். முதுகெலும்பு இடுப்போடு சேரும் மூட்டில், இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள். “இதாம்மா அழற்சி. நோய் இப்ப நல்லா வேலை செய்யுது. ராத்திரி ஓய்வுல இறுகும், நடமாடினா இளகும்.”

உத்திராபதியின் முகம் மலர்ந்தது. “சந்தோஷப்படுற விஷயமில்லைங்க” என்றார் டாக்டர், மருந்து எழுதிக்கொண்டே.

திரும்பும் பஸ்ஸில் சன்னலோர இடத்தை அவனுக்கு விட்டாள் வெற்றிச்செல்வி. “ரொம்பக் கிண்டல் பண்ணிட்டேன்ல” என்றாள் மெதுவாக.

மருந்தும் தினசரி உடற்பயிற்சியுமாக மாதங்கள் போயின. மறு ஸ்கேனில் வெள்ளைத் திட்டு மங்கியிருந்தது. அடுத்த நாள் விடியலில் அவன் எழுந்து நிற்க, அவள் குவளையை நீட்டினாள். “இனி சாக்கு கெடையாது.”

மடியில் கை வைத்ததும் மாடு உதைத்தது. குவளை உருண்டது.

“பழக்கமில்லாத கையில்ல, நம்ப மாட்டேங்குது” என்றாள் வெற்றிச்செல்வி.

“அந்த ஸ்கேன் படத்த எடுத்துட்டு வா, இதுக்கும் காட்டுவோம்.”