எல்லாரும் எழுதிய ஒரே தப்பு

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று பேச்சைத் தொடங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் அக்காவைப் பற்றி யாரிடமாவது சொல்லிச் சில நாள் ஆகிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. துறைமுகத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். ஆரம்பித்தாலே டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புன்னைக்காயலுக்கும் ஆலந்தலைக்கும் இடையில், கடலை ஒட்டி இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமானால் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டும். பையன்கள் ஏறினார்கள். பெண்பிள்ளைகள் பத்தோடு நின்றார்கள், அல்லது நிறுத்தப்பட்டார்கள்.

அக்கா அப்போது பத்தாம் வகுப்பு, நான் ஒன்பதாவது. பதினொன்றில் இயற்பியல் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. ஆசை என்பதெல்லாம் சின்ன வார்த்தை, பிடிவாதம் என்றே சொல்லலாம். மீன் கழுவும்போதும் ஏன், குடம் தூக்கும்போதும் ஏன் என்று கேட்டு அம்மாவின் உயிரை வாங்குவாள். அப்பா சங்கு குளிக்கிறவர். கடலுக்குப் போனால் சில நாள் கழித்துத்தான் வருவார். படிப்புக்கு எதிரியல்ல, பஸ்ஸுக்குத்தான் எதிரி. “நான் கடல்ல கெடக்கும்போது இவ வந்தாளா வரலையான்னு எப்படித் தெரியும்? இங்கனயே பள்ளிக்கூடம் வரட்டும், எம்புட்டு வேணும்னாலும் படிக்கட்டும்” என்பார். ஆஸ்டலில் சேர்க்க எங்களுக்கு வசதியில்லை. ஆகவே, எங்கள் ஊருக்குப் பதினொன்று வர வேண்டும், அதுவும் அறிவியல் பிரிவோடு வர வேண்டும். இல்லாவிட்டால் அக்காவுக்கு அடுத்த ஆண்டு அடுப்படிதான்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளை, கடற்கரை ஊர் ஒன்றில் அறிவியல் பிரிவு தொடங்க, ஆய்வகமும் ஆசிரியர் சம்பளமும் தருவதாகச் சொன்னது. எந்த ஊர் என்று முடிவு செய்ய ஒரு சோதனை வைத்தார்கள். ஒன்பதும் பத்தும் படிக்கிற பிள்ளைகள் எழுத வேண்டும். மனப்பாடத்துக்கு அதில் வேலை கிடையாது. விசை, மிதத்தல், அழுத்தம், விழுதல் என்று அடிப்படையான சங்கதிகளில் கேள்வி. விடையைக் குறித்துவிட்டு, அதற்குக் கீழே ‘காரணம்’ என்று இருக்கும் இடத்தில் நம் சொந்த வார்த்தையில் ஏன் என்று எழுத வேண்டும். அக்காவுக்காகவே யாரோ தயாரித்த பரீட்சை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியையான சிஸ்டர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பூசைக்கு முன்னால் மிதத்தல், பூசைக்குப் பின்னால் அழுத்தம். ஊரே எங்களைப் பார்த்து, “ஏளா, நல்லா எழுதுங்க” என்றது. எதை எழுதப் போகிறோம் என்று ஊருக்குத் தெரியாது, ஆனால் எழுதியே ஆக வேண்டும் என்று தெரிந்திருந்தது.

எழுதினோம். சந்தோஷமாக வெளியே வந்தோம். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் விடைத்தாள் கட்டோடு வந்தார். நாசரேத்துக்காரர், கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. மடிப்புக் கலையாத பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, உரக்கப் பேசாத குரல். எங்களையெல்லாம் கூடத்தில் உட்கார வைத்தார்கள். சிஸ்டரின் முகம் காலையிலேயே வாடிப் போயிருந்தது.

மற்ற கேள்விகளில் நன்றாகவே செய்திருக்கிறீர்கள் என்று மேடம் ஆரம்பித்தார். ஆனால் ஒரே ஒரு கேள்வியில் இத்தனை பேரும் ஒரே தப்பை எழுதியிருக்கிறீர்கள், ஒருத்தி தவிர. தப்பு வருவது இயல்பு. ஆனால் பிள்ளைகள் தாங்களாக எழுதினால் தப்பு பலவிதமாக வரும். எல்லாரும் ஒரே தப்பை எழுதினால் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

கேள்வி இதுதான். ஒரு பெரிய கல், ஒரு சின்னக் கல். ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் கையை விட்டால் எது முதலில் கீழே போய்ச் சேரும்? காற்றின் தடையைப் புறக்கணிக்கவும். பக்கத்தில் படம். இரண்டு கை, இரண்டு கல், கீழே ஒரு கோடு. இரண்டும் ஒன்றாகச் சேரும் என்பது சரியான விடை. நாங்கள் எல்லாரும் பெரிய கல் என்று எழுதியிருந்தோம். அக்கா மட்டும் இரண்டும் என்று எழுதியிருந்தாள்.

மேடம் அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார். இந்த ஒரு பிள்ளை மட்டும் சொந்தமாக எழுதியிருக்கிறாள் என்றார். தூத்துக்குடியில் தனக்குத் தெரிந்த பள்ளி ஒன்றில், ஆஸ்டலோடு, செலவில்லாமல் ஓர் இடம் இருக்கிறது, அதை இவளுக்கே வாங்கித் தருகிறேன் என்றார். ஆனால் இந்தப் பள்ளிக்கு அறிவியல் பிரிவு தரும்படி தன்னால் எழுத முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் சிஸ்டர் என்றார்.

என் அக்காவுக்கு அடித்த யோகத்தைப் பார்த்து எனக்கு ஒரே குஷி. கைதட்டலாமா என்று கூட யோசித்தேன். ஆனால் அக்கா சொன்னாள்.

“மேடம், காப்பி அடிச்சது நான்தான்.”

“யாரைப் பாத்தும்மா?”

“புத்தகத்தை. பரீட்சையில தொறந்து பாக்கல. ஆனா புத்தகத்துல இருக்கதத்தான் அப்படியே எழுதுனேன். எனக்கே அதுல நம்பிக்கை இல்ல. இவங்க எழுதுனது இவங்களே கண்டது. காரணத்தை வாசிச்சுப் பாருங்க, மேடம்.”

மேடம் அக்காவின் தாளை எடுத்தார். காரணம் என்ற இடத்தில் அக்கா, ‘புத்தகத்தில் அப்படித்தான் உள்ளது’ என்று எழுதி வைத்திருந்தாள். மேடத்தின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று இப்போது தெரிகிறது. அன்று கோபம் என்று நினைத்துப் பயந்தேன். அவர் கட்டிலிருந்து வேறு தாள்களை உருவி வாசிக்க ஆரம்பித்தார். பெரிய கல் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். பெரிய கல் கிடைத்தவன்தான் எப்போதும் ஜெயிப்பான். அப்புறம் ஒரு தாளில் நின்றுவிட்டார். “பெரிய கல்லைக் கட்டிப்பிடித்தால் காது சீக்கிரம் வலிக்கும். இதை யார் எழுதினது?”

நான்தான். எழுந்தேன்.

“கல்லு விழுறதுக்கும் உன் காதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“பெரிய கல்லுன்னா வெரசாக் கீழ போயிருவோம்லா மேடம். அப்பம் காது கிண்ணுன்னு அடைக்கும். சின்னக் கல்லுன்னா மெதுவாத்தான் அடைக்கும்.”

“கீழன்னா எங்க?”

இது என்ன கேள்வி என்று எனக்குத் தோன்றியது. “கடலுக்குள்ளதான், மேடம்” என்றேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கரையருகே நங்கூரம் போட்டு நிற்கிற வள்ளத்திலிருந்து, ஆளுக்கொரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிப்போம். யார் முதலில் அடியைத் தொட்டு மண் அள்ளிக்கொண்டு மேலே வருகிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்கள் கல்லோடு இறங்கிய வழக்கம் பிள்ளைகள் கையில் விளையாட்டாக மிஞ்சியிருந்தது. பெரிய கல்லுக்கு அடிதடியே நடக்கும். எங்கள் ஊரில் கல்லை உயரத்திலிருந்து விடுவதென்றால் கடலில் விடுவதுதான். கரையில் கல்லைக் கீழே போடுகிறவனுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். ஆகவே அந்தப் படத்தில் கீழே இருந்த கோடு எங்கள் எல்லாருக்கும் கடலின் அடியாகவே தெரிந்தது.

மேடம் அதோடு விடவில்லை. “காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்னு தெளிவாப் போட்டிருக்கே?”

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து மரியாதையாகச் சொன்னான். “கடலுக்குள்ள ஏது மேடம் காத்து? அதான் நாங்களும் அதைக் கண்டுக்கிடல.”

சிஸ்டர் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மேடம் சிரித்தேவிட்டார். ஆனாலும் பரீட்சைக்காரர் பரீட்சைக்காரர்தான். சிரித்து முடித்ததும் எங்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்து, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். இந்த முறை கடலில் அல்ல, இந்தப் பள்ளிக்கூட மாடியிலிருந்து கீழே முற்றத்தில் விழுகிறது.

இப்போது பார்க்க வேண்டுமே. பெரிய கல் என்றார்கள் சிலர், இரண்டும் என்றார்கள் சிலர். சின்னக் கல் என்று ஒருத்தி எழுதினாள், ஏன் என்று கேட்டதற்கு, பெரியது சோம்பேறி என்றாள். தாள்களைப் புரட்டப் புரட்ட மேடத்தின் முகம் மலர்ந்துகொண்டே போனது. “சிஸ்டர், தப்பு பலவிதமா வந்திருக்கு” என்று ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொன்னார்.

அப்புறம் யாரையும் கட்டுப்படுத்த முடியவில்லை. அக்காதான் மாடி ஏறினாள். இரண்டு கையையும் நீட்டி இரண்டு கல்லையும் விட்டாள். ஒரே சத்தம்தான் கேட்டது. நாங்கள் நம்பவில்லை. இன்னொரு தடவை போடு என்று கத்தினோம். போட்டாள், அதே ஒற்றைச் சத்தம். மூன்றாவது முறை சிஸ்டரின் குரோட்டன்ஸ் தொட்டி உடைந்தது, சிஸ்டர் அதைக் கவனிக்கவே இல்லை. அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. புத்தகத்தில் இருந்தது உண்மை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேடம் அடுத்து கடலையும் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் ஞாயிறு என்பதால் அப்பா கரையில் இருந்தார். சேலையைச் செருகிக்கொண்டு மேடம் எங்கள் வள்ளத்தில் ஏறினார். அப்பா முக்குளிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். மேடம் இரண்டு கல்லையும் ஒன்றாக விட்டார். மேலே வந்த அப்பா, “பெருசுதான் முன்னுக்கு வந்துச்சு” என்றார். தண்ணீருக்குள் ஏன் அப்படி, காற்றில் ஏன் இப்படி என்று மேடம் கேட்க, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி அக்கா பதில் சொன்னாள். தண்ணீர் கல்லை மேலே தூக்குகிறது, போகவிடாமல் மறிக்கவும் செய்கிறது, பெரிய கல் அந்த மறிப்பை மீறிப் போகிறது, காற்றுக்கு அந்தப் பலம் இல்லை என்றாள். இது புத்தகத்தில் இல்லை. அவளாகவே யோசித்துச் சொன்னாள். அப்பா நனைந்த தலையோடு தண்ணீரில் மிதந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளிக்கு அறிவியல் பிரிவு கிடைத்துவிட்டது. போகும்போது மேடம் அக்காவைத் தனியே அழைத்தார், நானும் ஒட்டிக்கொண்டு போனேன். ஆஸ்டல் இடம் இன்னும் உனக்குத்தான், அது பெரிய பள்ளி, இங்கே ஆய்வகம் வந்து ஆசிரியர் அமைய நாளாகும், எதற்கும் யோசித்துச் சொல் என்றார். இங்கேயே படிக்க ஒரு பிள்ளையும் சேரவில்லை என்றால் பிரிவைத் தொடங்க முடியாது என்றும் கவலையோடு சொன்னார். அக்கா யோசிக்கவே இல்லை. “இங்கனயே படிக்கேன் மேடம்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் இந்தச் சேதியை அப்பாவிடம் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. “அப்பா, அக்காவுக்குத் தூத்துக்குடில...” என்று வாயைத் திறந்தேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளு இல்லை, சதையைத் திருகி எடுக்கிற கிள்ளு.

அந்த முதல் செட்டில் அறிவியலில் சேர்ந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். பாதி வருடம் இயற்பியலுக்கு ஆசிரியரே வரவில்லை. அக்கா தானாகவே படித்து, அதையே மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். பொறியியலுக்கு மதிப்பெண் போதவில்லை. கல்லூரியில் இயற்பியல் படித்து இன்று சாத்தான்குளம் பக்கம் ஆசிரியையாக இருக்கிறாள். அவள் எடுக்கிற கேள்வித்தாளில் கல் விழுந்தால், எங்கே விழுகிறது என்று கட்டாயம் எழுதியிருக்கும். நான் அடுத்த ஆண்டு, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஆசிரியரும் ஆய்வகமும் தயாராக இருந்த வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து உள்ளே இருக்கும் சரக்கின் எடையைக் கணித்துச் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் பெண் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் வீட்டில் கூடியிருந்தபோது அந்த ஆஸ்டல் இடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் கழித்துக் கிள்ள மாட்டாள் என்ற தைரியம்தான். அப்பா திகைத்துப் போனார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா அனுப்பியிருப்பனே. ஆஸ்டலு, செலவும் இல்ல, பஸ்ஸும் இல்ல.”

“அனுப்பியிருப்பிய. அதாம்ப்பா சொல்லல” என்றாள் அக்கா. “அது ஒரு ஆளுக்கு உள்ள இடம். நான் போயிருந்தா இங்கன யாரு சேந்திருப்பா? அடுத்த வருசம் இவ எங்க போவா?”

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அம்மா பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கையில் கிள்ளிய இடம் கன்றிச் சிவந்திருந்தது. பெரிய இவள், பெருமையை மறைக்கிறாளாம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கையைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டி, அக்காவுக்கு நன்றாக வசவு வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து அந்த இடத்தில் தடவிவிட்டாள். தப்பு செய்தவள் தடவத்தானே வேண்டும் என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.